வெள்ளைத்தாளுக்கு அடியில் ஒரு பெயர்

கார்கள் செய்கிற ஓர் அமெரிக்க நகரத்தில் ஓர் இசைத்தட்டு பிறந்தது. லுவெல்லா என்ற கறுப்பினப் பெண் சலவைக்கூடத்தில் வேலை முடித்து, ஊறிப்போன விரல்களோடு வந்து பாடிய பாட்டு அதில் இருந்தது. கம்பெனி கொஞ்சம் தட்டுகள் அச்சடித்தது. யாரும் வாங்கவில்லை. கம்பெனி கதவைச் சாத்தியது. லுவெல்லாவுக்கு ஒரு தட்டுகூடக் கிடைக்கவில்லை. அவள் சலவைக்கே திரும்பிப் போனாள்.

விலைபோகாத தட்டுகளை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். நம் தட்டு இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஓர் ஊரின் பழைய சாமான் கடையில் வந்து விழுந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தவன் டெரெக். நடன அரங்குகளில் தட்டு போடுவது அவன் பிழைப்பு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விசித்திரப் பசி. ஊரெல்லாம் கேட்ட பாட்டு வேண்டாம். எவரும் கேட்காத பாட்டு வேண்டும். அப்படி ஒன்று கையில் இருப்பவன்தான் அங்கே ராஜா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெரெக் அதைப் போட்டான். ஆடுகிறவர்களின் காலுக்கு ஏற்றபடி வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டான்; குரலும் சற்று மெலிந்து, இளசாகிக் கேட்டது. இரண்டு வரி முடிவதற்குள் அரங்கமே எழுந்து ஆடியது.

"இதெல்லாம் எனக்கா?" என்று தட்டு தன்மேல் ஓடிய ஊசியிடம் கேட்டது.

"உனக்கேதான். தரை அதிருது பார்."

"அப்போ லுவெல்லா பேரைச் சொல்லுவாங்கதானே?"

ஊசி அடுத்த வரிக்கு நகர்ந்தது. எத்தனையோ தட்டுகளைப் பார்த்த ஊசி அது.

அன்று மாலையே டெரெக் வெள்ளைத்தாளை வட்டமாக வெட்டி, பெயர் அச்சாகியிருந்த நடுப்பகுதியின் மேல் ஒட்டினான். அதில் 'ஐரிஸ் வேல்' என்று எழுதினான்.

"என்னை மூச்சுத்திணற வைக்கிறே. யாரு நீ?" என்றது தட்டு.

"கோவிச்சுக்காதே," என்றது வெள்ளைத்தாள். "நிஜப்பேர் தெரிஞ்சா போட்டிக்காரங்க அமெரிக்கா வரைக்கும் ஆள் விட்டு இதே தட்டை வாங்கிடுவாங்க. அப்புறம் டெரெக்கை யாரு கூப்பிடுவா? உன்னைத்தான் யாரு சீந்துவா?"

"சரி, ஐரிஸ் வேல்னா யாரு?"

"யாருமே இல்லை. இல்லாதவளை எவனால கண்டுபிடிக்க முடியும்?"

இல்லாத ஐரிஸ் வளர்ந்தாள். பிள்ளைகள் அவள் பெயரைப் பைகளில் தைத்துக்கொண்டார்கள். அவள் கார் விபத்தில் செத்துப்போனாள் என்றான் ஒருவன். இல்லை, கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள் என்றாள் ஒருத்தி. தட்டும் தாளும் ஊசியும் தங்களுக்குள் எது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். மனிதர் காதில் விழுவதற்கோ தட்டிடம் அந்த ஒரு பாட்டுதான் இருந்தது. பாட்டில் பாடியவள் பெயர் இல்லை.

இப்படிச் சில வருஷம் போனது. இன்னொரு ஞாயிறு, அந்தப் பக்கத்து அமெரிக்க விமானப்படை முகாமில் வேலை பார்த்த வெண்டல் என்ற சிப்பாய், தன்னைப் பார்க்க வந்திருந்த தாயை அரங்குக்கு அழைத்து வந்தான். அவள் கழற்றிய கோட்டை மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகள் ஆடுவதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். டெரெக் நம் தட்டைப் போட்டான். அவள் சிரிப்பு நின்றது. எழுந்து நின்றாள்.

"அம்மா, இது உன் குரல்! துணி தேய்க்கும்போது நீ பாடுவியே, அந்தப் பாட்டு!" என்று வெண்டல் அவளை மேடைக்கு இழுத்து வந்தான்.

மேடையருகே அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். முதல் வரிக்கு முன்னால் தன்னுள் பதிந்திருந்த அதே மூச்சு என்று தட்டுக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துட்டா! லுவெல்லா வந்துட்டா!" என்று தட்டு அலறியது. வெளியே பாட்டின் கடைசி வரிதான் கேட்டது.

"தம்பி, இது யாரு பாடினது?" என்று லுவெல்லா கேட்டாள்.

டெரெக் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். மேடையின் ஓரத்தில் சாய்ந்து நின்ற, வேறு அரங்குகளில் தட்டு போடும் போட்டிக்காரர் இருவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐரிஸ் வேல், அம்மா."

"கையில வாங்கிப் பாக்கலாமா?"

கொடுத்தான். லுவெல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தட்டு கெஞ்சியது: "தாளே, ஒரே ஒரு எழுத்து தெரியட்டும். விலகிக்கோ."

"நானா ஒட்டிக்கிட்டேன்?" என்றது தாள். "விலகத்தான் பாக்கறேன்." எப்படியோ முண்டி ஓர் ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டது.

லுவெல்லா தாளின் மேல் எழுதியிருந்த 'ஐரிஸ் வேல்' என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நீ சொன்னது தப்புடா, வெண்டல். இது ஏதோ சின்னப் பொண்ணு குரல். என் குரல் இன்னும் கனமா இருக்கும்."

"அம்மா, நல்லாக் கேளு..."

"கேட்டேனே. இதே பாட்டை எனக்கு அப்புறம் யாரோ இவளைப் பாட வச்சிருக்காங்க. என்னைவிட நல்லாத்தான் பாடியிருக்கா. அதான் அன்னிக்கு என்னோடதை யாரும் வாங்கலை போல."

டெரெக் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓரம் பிரிஞ்சிருக்கு, தம்பி. பேர் கிழிஞ்சிடப்போகுது, பாவம்," என்று சொல்லி, லுவெல்லா சலவையில் தேய்ந்த கட்டைவிரலால் அந்த ஓரத்தை நன்றாக அழுத்தி ஒட்டித் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

கூட்டம் "ஐரிஸ்! ஐரிஸ்!" என்று அதே பாட்டை மறுபடியும் கேட்டுக் கை தட்டியது. லுவெல்லாவும் கை தட்டினாள்.