கரை திரும்பாதவர்களின் பட்டியல்

"நான் அழிக்கல மேடம். சத்தியமா நான் தொடவே இல்ல," என்றார் குணாளன்.

புயலுக்குப் பின் கரை திரும்பாத மீனவர்களின் பெயர்களோடு அவர் உருவாக்கிய இணையப் பக்கம் அது. நேற்று வரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இன்று காலை ஒருவர்கூட இல்லை. தேடி அலைகிற குடும்பங்களுக்கு அந்தப் பக்கத்தை விட்டால் வேறு நாதியில்லை.

ஹாஜிராவுக்குக் குணாளனைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் அவருக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் என்ன வச்சிருந்தீங்க சார்?"

"'நீக்கு'ன்னு ஒரு லிங்க். தொட்டா அந்தப் பேர் போயிரும்."

"யார் தொட்டாலுமா?"



யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவை ஹாஜிரா திறந்து காட்டினாள். காலை ஆறரைக்கு ஒரு தேடுபொறியின் நிரல் பக்கத்தைப் படிக்க வந்திருக்கிறது. கண்ணில் பட்ட லிங்க்கையெல்லாம் திறந்து பார்ப்பதுதான் அதன் பிழைப்பு. அத்தனை 'நீக்கு'களையும் திறந்து பார்த்துவிட்டுச் சமர்த்தாகப் போய்விட்டது.

நேற்று மதியம் எடுத்த நகல் இருந்தது. அதற்குப் பிறகு சேர்த்த பதினொரு பேர் மட்டும் போனது போனதுதான்.

"அந்தப் பதினொரு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணுங்க."

பண்ணினார். என்ன சட்டை போட்டிருந்தார், கையில் என்ன பச்சை குத்தியிருந்தது என்று மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

"நேத்துதானய்யா எல்லாத்தையும் அழுது அழுது சொன்னேன்?" என்றாள் ஒரு தாய்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நிரலைத் திருத்தினார். லிங்க் போய்ப் பொத்தான் வந்தது. கடவுச்சொல் இல்லாமல் யாரும் அதன் பக்கம் போக முடியாது. அழுத்தினாலும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும்.

"இப்போ பாதுகாப்பா அழிக்கலாம்தானே மேடம்?"



போன் அடித்தது. சகாயராணி என்றொரு பெண். கணவரின் உடல் பக்கத்து ஊரில் கரை ஒதுங்கியதாம். அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

குணாளன் அவர் பெயரைத் தேடி எடுத்துப் பொத்தானை அழுத்தினார். பக்கம் கேட்டது. அவரும் கேட்டார்.

"பேரை எடுத்துரட்டுமாம்மா?"



"எடுக்காதீங்க ஐயா. கிடைச்சுட்டாருன்னு மட்டும் போடுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லம்மா. வச்சா இருக்கும், எடுத்தா போயிரும். அவ்வளவுதான்."

"பதினாறு நாளு தேடுனோமே ஐயா. அதுவும் இல்லன்னு ஆயிருமா?"

குணாளன் போனைக் காதில் வைத்தபடியே ஹாஜிராவைப் பார்த்தார்.

அவள் நிரலைத் திறந்து, அழிக்கும் வரிக்கு நேரே கர்சரை நிறுத்தி, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்: "இந்த வரிக்குப் பதிலா 'கிடைச்சுட்டாரு'ன்னு போட ஒரு இடம் எழுதுங்க சார்."