மூக்கன் போட்ட முத்திரை

ஒரு காட்டில் மழை பிடித்தால் லேசில் விடாது. வளைக்குள் தண்ணீர், புதருக்குள் தண்ணீர், தரையெல்லாம் சதசதவென்று சேறு. அந்தக் காட்டிலேயே நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான்: பெரிய பாறைக்கு அடியில் இருந்த குகை. அதனால் மழைக்காலம் வந்தால் போதும், விலங்குகளும் பறவைகளும் தங்கள் தீனி, முட்டை, குட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்தக் குகைக்கு ஓடும்.

குகை வாசலில் காவல் காத்தது ஒரு கரடி. அதன் பெயர் மூக்கன். பெயருக்கு ஏற்ற மூக்குதான், பிள்ளைகளே! பழக் குவியலுக்கு அடியில் தேள் இருந்தால் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடும். வாழைத்தாருக்குள் பாம்பு சுருண்டிருந்தால், "நில்லு! தாரைக் கீழே வை!" என்று கத்தும். மோந்து பார்த்து நல்லது என்று தெரிந்தால், செம்மண்ணில் பாதத்தை நனைத்து அதன்மேல் ஒரு முத்திரை போடும். முத்திரை இருந்தால் உள்ளே போகலாம். யாரும் தடுக்கக் கூடாது. அதுதான் குகையின் சட்டம்.

இதனால் மூக்கனுக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் நேராகத் தலைக்கு ஏறியது. அங்கே காலி இடமும் நிறைய இருந்தது.

அந்த வருஷம் குகையில் இடம் போதவில்லை. அப்போது குரங்கு ஒரு யோசனை கொண்டு வந்தது. எதைக் கொடுத்தாலும் அமுக்கி, மடக்கி, தேக்கிலையில் சுற்றிக் கொடியால் கட்டித் தந்தது. ஒரு கூடைத் தீனி ஒரு சின்னக் கட்டாகிவிட்டது; உள்ளே இருப்பதன் வாசம்கூட வெளியே வராது. எல்லோருக்கும் ஏக சந்தோஷம்.

மூக்கனுக்கு மட்டும் சங்கடம். கட்டு வந்தால் அவிழ்க்க வேண்டும், பார்க்க வேண்டும், திரும்ப அமுக்க வேண்டும், திரும்பக் கட்ட வேண்டும். வரிசையோ ஆற்றங்கரை வரைக்கும் நின்றது.

"சீக்கிரம் விடப்பா! நனையுறோம்ல!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்தது.

மூக்கன் யோசித்தது. பிறகு கட்டை மேலாக ஒரு தடவை மோந்தது. "தேக்கிலை வாசம்தான் வருது. தேக்கிலை கடிக்குமா? கடிக்காது. சுத்தம்!" என்று சொல்லி முத்திரையைப் போட்டது.

வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. "மூக்கன் மாதிரி வேலைக்காரன் உண்டா!" என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் பாராட்டவில்லை. அவள் அன்னக்கொடி என்ற கௌதாரி. போன மழைக்காலத்தில் அவள் இட்ட முட்டைகளை ஓர் உடும்பு மொத்தமாகக் குடித்துவிட்டது. ஓட்டைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. பாவம், அவள் அழுத அழுகை காட்டுக்கே கேட்டது. இந்தத் தடவை முட்டைகளைக் குகையின் மூலையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அண்ணே, அந்தக் கட்டை அவுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"மேலே பாத்தேன் தங்கச்சி."

"உள்ளே?"

"உள்ளே என்ன வேற இருக்கப் போகுது? வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படித்தான்."

"இந்தக் கௌதாரிக்கு எப்பப் பாரு பயம்!" என்று வரிசை சிரித்தது.

அன்னக்கொடி விடுவிடுவென்று நடந்தாள். ஆற்றங்கரைக்குப் போய் ஒரு செத்த நண்டைத் தேடிப் பிடித்தாள். செத்த நண்டு யாரையும் கொல்லாது. மூக்கை மட்டும்தான் கொல்லும். அதைக் கௌவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள்.

அவள் கிட்டே வருவதற்குள்ளேயே மூக்கன் துள்ளிக் குதித்தது. "சீச்சீ! நாத்தம் குடலைப் பிடுங்குது! தூக்கி எறி அதை!"

பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள் அன்னக்கொடி. அடுத்து அதே நண்டை ஓர் இலையில் சுற்றிக் கொண்டு வந்தாள். மூக்கன் இரண்டு தடவை மோந்தது. இலையின் ஓரத்தில் லேசாக நாற்றம் கசிந்தது. "ஏதோ சரியில்லையே!" என்று பிரித்துப் பார்த்து, "மறுபடியும் நண்டா! போ, போ!" என்று விரட்டியது.

அடுத்து நண்டைக் கட்டி, அந்தக் கட்டை இன்னொரு கட்டுக்குள் வைத்துக் கொண்டு வந்தாள். மூக்கனும் பெரிய மனசு பண்ணி வெளிக் கட்டை அவிழ்த்தது. உள்ளே இன்னொரு கட்டு இருந்தது.

"அட, கட்டுக்குள்ளே கட்டு! அப்படின்னா உள்ளே கட்டுதான் இருக்கு. கட்டு கடிக்குமா? சுத்தம்!"

முத்திரை விழுந்தது.

கடைசியாக அன்னக்கொடி குரங்கிடம் போனாள். குரங்குக்கு ஒரு விசேஷ முடிச்சு தெரியும். போட்டவனைத் தவிர வேறு யாராலும் அதை அவிழ்க்க முடியாது. இன்னொரு செத்த நண்டை வைத்து அந்த முடிச்சைப் போடச் சொல்லி வாங்கி வந்தாள். மூக்கன் நகத்தால் நிமிண்டியது. பல்லால் இழுத்தது. முடிச்சு அசையவே இல்லை.

மூக்கன் சுற்றுமுற்றும் பார்த்தது. வரிசை காத்திருந்தது. தெரியாது என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது?

"சுத்தம்!" என்றது.

உடனே அன்னக்கொடி குரங்கைக் கூப்பிட்டு, முத்திரை விழுந்த இரண்டு கட்டுகளையும் எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொன்னாள். அவ்வளவுதான்! நாற்றம் தாங்காமல் முயல் மரத்தில் ஏறப் பார்த்தது.

"பாத்தீங்களா அண்ணே? ரெண்டுலயும் நண்டு. ரெண்டுலயும் உங்க முத்திரை!"

மூக்கனுக்கு முகம் தொங்கிப் போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "செத்த நண்டுதானே! உசுரோட ஏதாவது இருந்திருந்தா இந்நேரம் பிடிச்சிருப்பேன். அப்புறம் அந்த முடிச்சு... காவல்காரன் எனக்கே அவுக்க முடியலை. உள்ளே இருக்கிறவனுக்கு மட்டும் எப்படி அவுக்க முடியும்? அதனால அவுக்க முடியாத கட்டுதான் ரொம்பப் பத்திரம்!"

வரிசை யோசித்துப் பார்த்தது. நியாயமாகத்தான் பட்டது. மழையில் நனைந்துகொண்டு நிற்பவர்களுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும்.

புற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது யார் தெரியுமா? சாட்சாத் அதே உடும்பு!

"அட முட்டாள் கரடியே! முடிச்சை எதுக்கு அவுக்கணும்? இலையைக் கிழிச்சா போதாதா?" என்று தன் நகங்களைப் பார்த்துச் சிரித்தது. நேராகக் குரங்கிடம் ஓடியது.

"ஒரு கட்டு கட்டணும். உன் விசேஷ முடிச்சைப் போடு."

"எதைக் கட்டணும்?"

"என்னைத்தான்."

குரங்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே என்ன இருந்தால் அதற்கென்ன? கட்டு சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உடும்பை மூன்றாக மடித்தது.

"ஐயோ, என் வாலு!"

"வாலையும் மடக்கினாத்தான் கட்டு அழகா வரும். பேசாம இரு."

இங்கே குகை வாசலில் அன்னக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, உள்ளே என் முட்டை இருக்கு. இன்னொரு தடவை பறிகொடுக்க என்னால முடியாது. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அவுக்க முடியாத கட்டு ஏதாவது வந்து, நீங்க சுத்தம்னு முத்திரை போட்டா, அதை உள்ளே அனுப்பறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உங்க மடியில வெச்சிருங்க."

"மடியிலயா? பேஷா! கொஞ்சுறதுக்குக்கூட நான் தயார்!" என்று மார்தட்டியது மூக்கன்.

சொல்லி வாய் மூடவில்லை, குரங்கு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"என்னப்பா இது?"

"தெரியாது. கட்டத்தான் எனக்குத் தெரியும்."

மூக்கன் மேலாக மோந்தது. தேக்கிலை வாசம். முடிச்சை நிமிண்டியது. அசையவில்லை. "சுத்தம்!" என்று முத்திரையைப் போட்டுவிட்டு, அன்னக்கொடியை ஒரு பார்வை பார்த்தபடி கட்டை மடியில் வைத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தது.

மழை சோவென்று பெய்தது. மடியில் கட்டு இதமாக இருந்தது. மூக்கனுக்குத் தூக்கம் சொக்கியது. தலை மெல்ல மெல்லக் குனிந்தது.

கட்டுக்குள் இருந்த உடும்புக்கும் கதகதப்பாக இருந்தது. 'ஆஹா, குகைக்குள்ளே வந்தாச்சு! முட்டை பக்கத்துலதான் இருக்கணும்' என்று நினைத்து, இலையை நகத்தால் பரக்கென்று கிழித்துக் கையை நீட்டித் துழாவியது. உருண்டையாக, ஈரமாக ஏதோ ஒன்று தட்டுப்பட்டது.

"முட்டை!" என்று கத்திக்கொண்டே நாலு காலாலும் அதைக் கட்டிப் பிடித்தது.

அது மூக்கனின் மூக்கு.

"ஆஆஆ!" மூக்கன் போட்ட கூச்சலில் வரிசை சிதறியது. கையால் இழுத்தது, வரவில்லை. பாறையில் உரசியது, வரவில்லை. உடும்புப் பிடி என்றால் சும்மாவா?

உடும்பும் முழித்துப் பார்த்தது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் அதற்குத் துணிச்சல் ஜாஸ்தி. தன் முதுகில் ஒட்டியிருந்த இலைக் கிழிசலைத் திருப்பிக் காட்டியது.

"எல்லாரும் பாருங்க! செம்மண் முத்திரை! நான் சுத்தம்னு உங்க காவல்காரனே சொல்லியாச்சு. மரியாதையா என்னை உள்ளே விடுங்க!"

முயல் எட்டிப் பார்த்தது. "முத்திரை இருக்கத்தான் செய்யுது. சட்டப்படி வழி விடணும்ல?" என்றது. வாசலில் நின்ற அணில்களும் இரண்டு பக்கமும் ஒதுங்க ஆரம்பித்துவிட்டன!

அன்னக்கொடி ஓடிப்போய் வாசலின் நடுவில் சிறகை விரித்து நின்றாள். "அண்ணே, சொல்லுங்க! நீங்க இதைப் பாத்தீங்களா, இல்லையா? என் முட்டை உள்ளே இருக்கு அண்ணே!"

மூக்கனுக்கு ஒரு பக்கம் வலி, ஒரு பக்கம் வெட்கம். ஊரே பார்க்கிறது. எப்படிச் சொல்வது? ஆனால் கௌதாரியின் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மனசு தாங்கவில்லை.

"வழி விடாதீங்க!" என்று கதறியது. "அந்த முத்திரை செல்லாது! நான் அவுத்துப் பாக்கவே இல்லை! பாக்காமத்தான் சுத்தம்னு சொன்னேன்! இது மட்டும் இல்லை, எந்தக் கட்டையும் நான் ஒழுங்காப் பாக்கலை!"

ஒதுங்கிய அணில்கள் மறுபடியும் வாசலை அடைத்துக்கொண்டன. பிறகு முள்ளம்பன்றி முள்ளெல்லாம் நிமிர்த்திக்கொண்டு உடும்பின் வாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"நீயா விடுறியா, நான் உக்காரட்டுமா?"

உடும்பு பிடியை விட்டது. விட்ட வேகத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியே போனது.

வீங்கிய மூக்கோடு மூக்கன் அன்றைக்கே குகைக்குள் நுழைந்து, உள்ளே இருந்த கட்டுகளை ஒன்று விடாமல் வெளியே எடுத்துப் போட்டு அவிழ்த்தது. கட்டுக்குள் கட்டு இருந்தால் அதையும் அவிழ்த்தது. அவிழ்க்க முடியாத கட்டு வந்தபோது, "இதுக்குள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. வெளியிலேயே இருக்கட்டும்" என்று தலை குனியாமல் சொன்னது. வரிசை முணுமுணுத்தது. ஆனால் நின்றது.

மழை விட்டது. அன்னக்கொடி குகையிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு குஞ்சுகள் வந்தன.

நீதி: திறந்து பார்க்காததைத் தெரியாது என்று சொல், நல்லது என்று சொல்லாதே.