எருக்கங்காட்டில் களையெடுத்தவள்

அரசர்கள் மாட்டு வண்டியில் ஏறி ஊர் பார்க்க வந்த காலம் அது. வழியில் யாராவது கையைக் காட்டி, "ராசா, எங்க ஊட்டு மோரைக் குடிச்சுட்டுப் போங்க" என்றால், இறங்கிக் குடித்துவிட்டுப் போன காலம். அப்போது மஞ்சக்குன்று என்றொரு நாடு இருந்தது. அதைச் சேந்தராசன் என்றொரு அரசன் ஆண்டான். பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். குறுக்கே பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளலாம். கொட்டாவி மட்டும் விடக் கூடாது.

அந்த நாட்டில் ஒரு வேடிக்கையான சட்டம் இருந்தது. சேந்தராசனுடைய பாட்டனுக்குப் பாட்டன் போட்ட சட்டம். ஒருவருடைய நிலத்தில் எருக்கஞ்செடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டால், அந்த நிலத்தை அவர் கைவிட்டுவிட்டார் என்று பொருள். மணியக்காரர் வருவார், தமுக்கு அடிக்கச் சொல்வார், எல்லையில் அரச முத்திரை போட்ட கல்லை நடுவார். நிலம் அரசனுக்குப் போய்விடும். சோம்பேறிகளை உழ வைப்பதற்கு அந்தக் கிழ அரசர் கண்டுபிடித்த வழி அது, பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதன் பிறகு மஞ்சக்குன்றுக்காரர்கள் எருக்கைக் கண்டாலே பதறினார்கள். முளைக்கும்போதே கிள்ளி எறிந்தார்கள். வீட்டுக்குள் அதன் இலைகூட வரக் கூடாது என்றார்கள். சண்டை முற்றினால், "உன் காட்டுல எருக்கு முளைக்க!" என்று மண்ணை வாரித் தூற்றினார்கள்.

இந்த நாட்டில் குன்றடிக் கிராமத்தில் வேலாத்தாள் என்றொரு பெண் இருந்தாள். அவள் சிரித்தால் அடுத்த ஊர் நாய் குரைக்கும். அவளுடைய புருஷன் நாட்ராயனுக்குப் பேச்சு குறைவு, பசி அதிகம். இருவருக்கும் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு மேட்டுநிலம். கல்யாணத்தின்போது வேலாத்தாளின் அப்பா சீராகக் கொடுத்தது. மனுஷன் நல்லவர்தான், ஆனால் அவர் கொடுத்ததில் மண்ணைவிடக் கல்தான் அதிகம்.

வேலாத்தாள் முதலில் தினை விதைத்தாள். காற்று வாரிக்கொண்டு போயிற்று. அடுத்து கொள்ளு விதைத்தாள். ஊர் ஆடுகள் எல்லாம் விருந்துக்கு வந்து போயின. பிறகு ஆமணக்கு விதைத்தாள். வெயில் அதைக் கருக்கித் தள்ளியது. அவள் விதைக்காத எருக்கு மட்டும் தளதளவென்று வளர்ந்தது. காற்று அதை அசைக்கவில்லை, ஆடு அதை முகர்ந்தும் பார்க்கவில்லை, வெயிலோ அதற்குச் சோறு போட்டது போலிருந்தது.

அவள் திட்டிக்கொண்டே அதை வெட்டி வேலியோரம் போட்டாள். அப்புறம் ஒருநாள் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கைக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. வெயிலில் காய்ந்து கிடந்த எருக்கந்தண்டு ஒன்றை எடுத்துப் பட்டையை உரித்து, குட்டியை முளைக்குச்சியில் கட்டினாள். குட்டி இழுத்தது, துள்ளியது, மறுபடி இழுத்தது. கடைசியில் முளைக்குச்சியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பட்டை அறவில்லை!

வேலாத்தாள் குட்டியை விட்டுவிட்டுப் பட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தாள். நாட்ராயனைக் கூப்பிட்டு அவனையும் இழுக்கச் சொன்னாள்.

"மாமா, இது சணப்பை நாரைக் காட்டிலும் கெட்டியா இருக்குதுங்க. கயிறு திரிச்சா என்ன?"

"எருக்குலயா?" என்றான் நாட்ராயன். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

அவளுக்குக் கயிறு திரிக்கத் தெரியும். அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நார் என்றால் தண்ணீரில் ஊற வேண்டும், அதுதான் எல்லோரும் செய்வது. தேங்காய் மட்டையா, ஊறப்போடு. சணப்பையா, ஊறப்போடு. அவளும் எருக்கைக் கட்டுக்கட்டாகக் குட்டையில் ஊறப்போட்டாள். எடுத்தபோது அது நாராக இல்லை, நாறிப்போன கூழாக இருந்தது. அந்த நாற்றத்தில் நாட்ராயன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோறு சாப்பிட்டான். அடுத்த தடவை அண்டாவில் போட்டு வேகவைத்தாள். அதுவும் கூழ். "நம்ம ஊட்ல ரெண்டு வேளைக்கும் கூழா?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்; ஆனால் உள்ளுக்குள் அழுகைதான் வந்தது.

ஆட்டுக்குட்டியைக் கட்டிய பட்டை எங்கே கிடந்தது? வேலியோரம், வெயிலில். தண்ணீரே படாமல். அது நினைவுக்கு வந்ததும் அவள் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை தண்டுகளை வெட்டி, பால் கண்ணில் தெறிக்காமல் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பாறைமேல் காயப்போட்டாள். வாடியதும் தட்டி உரித்தாள். வெள்ளை வெளேரென்று பட்டு மாதிரி நார் வந்தது.

கயிறு திரித்தாயிற்று. வாங்குவதற்குத்தான் ஆளில்லை.

சந்தையில் அவள் கடை விரித்தால் ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து நிலத்துத் தீத்தாயி மட்டும் நின்று, "ஏம்புள்ள, எருக்கை ஊட்டுக்குள்ள கொண்டுபோனா குடி வெளங்குமா?" என்று கேட்டாள்.

வேலாத்தாள் ஒரு கயிற்றை எடுத்து நீட்டினாள். "ஊட்டுக்குள்ள எதுக்குங்க்கா? உங்க கெணறு ஊட்டுக்குள்ளயா இருக்குது?"

தீத்தாயி விரல் விட்டு எண்ணினாள். அதுவும் சரிதானே? கிணறு வெளியில்தான் இருக்கிறது. மாடு வெளியில், வண்டி வெளியில், வைக்கோல்போர் வெளியில். ஒரு கயிறு வாங்கிக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை மாட்டில் பூட்டினாள். பழைய கயிறு வாரத்துக்கு ஒருமுறை அறுந்து, தண்ணீர்ச் சாலோடு கிணற்றில் விழும்; இந்தக் கயிறு அந்தக் கோடை முழுக்க அறவில்லை. அவ்வளவுதான். ஊரே வந்து, "வெளிவேலைக்குத்தான், வெளிவேலைக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி வாங்கிப்போனது. தானே நட்டு வளர்ப்பதைக் கைவிட்டதென்று யார் சொல்வார் என்று வேலாத்தாள் நிலம் முழுவதும் வரிசை பிடித்து எருக்கையே நட்டாள். நாட்ராயன் வீட்டில் நெய் மணத்தது.

இது ஒருவருக்குப் பிடிக்கவில்லை. நாட்டிலேயே பெரிய கயிற்று வணிகர் அங்கண்ணன். ஆள் தடித்தவர், குரலும் தடித்தது. கயிறு என்று யாராவது தும்மினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் நேரே மணியக்காரரிடம் போனார். "குன்றடியில எருக்கு ஆள் உசரம் நிக்குது. சட்டம் தூங்குதுங்களா?" என்றார்.

சட்டம் எழுந்து வந்தது. தமுக்கு அடித்தார்கள். கல்லை நட்டார்கள். வேலாத்தாள் அந்தக் கல்லைப் பார்த்தபடி நின்றாள். தினை போனபோது அவள் அழவில்லை, கொள்ளு போனபோதும் அழவில்லை. இப்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நல்லபடி விளைந்ததற்கா தண்டனை?

ஆடிப் பெருக்கு வந்தது. ஆற்றங்கரையில் ஆலமரத்தடியில் அரசன் வழக்குக் கேட்கும் நாள். வேலாத்தாளும் போனாள், அங்கண்ணனும் போனார்.

"சட்டப்படி நிலம் உங்களுது ராசா," என்றார் அங்கண்ணன். "அதை எனக்குக் குத்தகைக்கு விடுங்க. பரம்பரையாக் கயிறு திரிக்கிறவன் நான். இந்த அம்மிணி திரிக்கிறதவிட ஒசந்த கயிறு அதே எருக்குல நான் திரிக்கிறேன்."

சேந்தராசன் மீசையை நீவினான். "இருவரும் அந்த எருக்கிலேயே கயிறு திரித்து ஆடி முடிவதற்குள் கொண்டு வாருங்கள். இதே மரத்தில் ஊஞ்சல்போலத் தூரி கட்டுவோம். அவரவர் கயிற்றில் அவரவர் ஆட வேண்டும். எவர் கயிறு தாங்குகிறதோ நிலம் அவருக்கு" என்றான்.

வேலாத்தாள் எதையும் ஒளிக்கவில்லை. எல்லோரும் பார்க்கப் பாறைமேல் காயப்போட்டாள். அங்கண்ணனின் ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஓடினார்கள். "அண்ணா, அந்தம்மா தண்ணியே தொடறதில்லீங்க!"

அங்கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அட மக்குப் பசங்களா! நீங்க பாக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் காய வெக்கறா. நீங்க இந்தப் பக்கம் வந்ததும் ஊறப்போட்டிருப்பா. ஊறாம நாராவது, வர்றதாவது!" என்றவர், முதலில் ஊறப்போட்டது கூழாகிவிடவே, அடுத்ததை அரைகுறையாக ஊறவைத்து எடுத்து, மேலே மஞ்சள் பூசி, யானைத் துதிக்கை பருமனுக்கு ஒரு கயிறு திரித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆடிக் கடைசி நாளில் ஊரே ஆற்றங்கரையில் கூடியது. கட்டுச்சோறும் கையுமாக வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர்கள் பாதி. அங்கண்ணனின் மஞ்சள் கயிற்றைப் பார்த்து எல்லோரும் "ஆகா" என்றார்கள். வேலாத்தாளின் கயிறு சுண்டுவிரல் பருமன். அதைப் பார்க்க யாரும் கழுத்தைக்கூட நீட்டவில்லை.

அங்கண்ணன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தம் தூரியில் உட்கார்ந்தார். ஒரு வீச்சு போனார், சிரித்தார். இரண்டாம் வீச்சு போனார், கையசைத்தார். மூன்றாம் வீச்சில் "சடார்!" தலைப்பாகை ஒரு பக்கம், அங்கண்ணன் ஒரு பக்கம். நல்லவேளை, விழுந்தது ஆற்றுச் சேற்றில். எலும்பு ஒன்றும் முறியவில்லை.

வேலாத்தாள் தன் தூரியில் ஏறினாள். ஆடினாள், அது தாங்கியது. நாட்ராயனையும் ஏற்றிக்கொண்டாள், தாங்கியது. மூன்றாவதாகச் சேந்தராசனே, கிரீடத்தைக் கழற்றி மணியக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். கிளை முனகியதே தவிரக் கயிறு முனகவில்லை. அரசன் சின்னப் பிள்ளை மாதிரிக் கூவிக்கொண்டு ஆடினான். கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

இறங்கியதும் அரசன், "அந்த நிலத்தை உனக்கே தந்தேன்!" என்றான்.

கதை இங்கே முடிந்தது என்று எழுந்து விடாதீர்கள். வேலாத்தாள் கும்பிடவில்லை.

"வேண்டாங்க ராசா," என்றாள்.

 நாட்ராயன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"நீங்க குடுத்து நான் வாங்கினா, அது உங்க நிலம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிங்க. நான் எப்பவும் அதைக் கைவிடலீங்க. நாளைக்கு என்னைப் பாத்துத் தீத்தாயி அக்கா எருக்கு வெச்சா, அவங்க காட்டுலயும் கல்லு நடுவாங்க. ஒவ்வொருத்தரும் தூரி ஆடியா நிலத்தை மீட்கறது?"

"சட்டம் சட்டம்தான் அம்மா," என்றார் மணியக்காரர். "எருக்கு நின்றால் கைவிட்ட நிலம்."

"கைவிட்ட நெலத்துல யாராச்சும் களையெடுப்பாங்களாங்க?"

"எடுக்க மாட்டார்கள்," என்றான் அரசன்.

"அப்ப வந்து பாருங்க."

அரசன் வண்டி ஏறினான். ஊரே பின்னால் போனது. சேறு வழிய அங்கண்ணனும் போனார். மேட்டுநிலத்தில் எருக்கு கயிறு பிடித்து நட்டது போல வரிசையாக நின்றது. இடையில் ஒரு புல் இல்லை. வரப்போரத்தில் பிடுங்கிப் போட்ட களை குவியலாகக் காய்ந்து கிடந்தது. மணியக்காரர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ராசா, இது கம்பம்பயிருங்க! கம்பைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்!"

"குருவி போட்ட விதைங்க," என்றாள் வேலாத்தாள். "இந்த மண்ணுல அது கதிர் வெக்காது. என் பயிருக்கு எடைஞ்சலா இருந்துச்சு. களைன்னு பிடுங்கிட்டேன்."

சேந்தராசன் முதலில் கம்பைப் பார்த்தான், பிறகு எருக்கைப் பார்த்தான், பிறகு காய்த்துப்போன அவள் உள்ளங்கையைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். வண்டி மாடுகள் மிரளும் அளவுக்குச் சிரித்தான். தன் கையாலேயே முத்திரைக் கல்லை அசைத்துப் பிடுங்கினான்.

"என் பாட்டனாருக்குப் பாட்டனார் சோம்பலைப் பிடிக்கச் சட்டம் போட்டார். நாங்கள் அத்தனை பேரும் செடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்," என்றான். "இனிமேல் என்ன நிற்கிறது என்று பார்க்காதீர்கள். களையெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். களையெடுத்த நிலம் எதை விளைவித்தாலும் அது உழவர் நிலம். வேலாத்தாளம்மா, இந்த நிலத்தை நான் உனக்குத் தரவில்லை. இது உன்னுடையதாகவேதான் இருந்தது."

இப்போது வேலாத்தாள் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே சிரித்தாள். அடுத்த ஊரில் நாய் குரைத்தது.

அங்கண்ணன் சேற்றுக் கையோடு அவள் அருகில் வந்தார். "அம்மிணி, நெசமாவே ஊறப் போடலையா?"

"உங்க ஆளுங்க கண்ணு முன்னாடிதானுங்களே காய வெச்சேன்."

"அவங்க சொன்னாங்க. நாந்தான் நம்பலை," என்றார் அங்கண்ணன். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். போகட்டும். உங்க கயித்தை எங்கிட்டக் குடுங்க. அக்கரை நாட்டுக்கெல்லாம் நான் கொண்டுபோய் விக்கறேன்."

அப்படியே நடந்தது. அந்த ஆண்டு மஞ்சக்குன்றில் கல்லும் கரடுமாகக் கிடந்த நிலம் எல்லாம் எருக்கு பூத்தது. அவர்கள் வலை பின்னினார்கள், கட்டில் பின்னினார்கள், தேருக்கு வடம் திரித்தார்கள். யாருக்காவது கல்யாணம் என்றால், "உன் காட்டுல எருக்கு முளைக்க!" என்று வாழ்த்த ஆரம்பித்தார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: தன் மண் மனமுவந்து தருவதை இகழாமல், அதற்குப் பயன் கண்டு உழைப்பவரிடமிருந்து நிலத்தை எந்தச் சட்டமும் பிரிக்க முடியாது.