கரை வலது கைப்பக்கம்

சொன்னதைச் செய்கிற பையன் வேண்டும். மகள் ஜெபக்கனிக்கு மாப்பிள்ளை தேடிய தேவநேசம் இந்த ஒன்றைத்தான் கேட்டார். முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். போட்ட உத்தரவைத் திரும்ப வாங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. போட்ட உத்தரவை ஒருவனும் முழுசாகச் செய்ததில்லை என்பது அவருடைய வயிற்றெரிச்சல்.

அந்த விஷயத்தில் தேரிக்காட்டுத் துரைப்பழம் தங்கமான பையன். நில் என்றால் உட்கார் என்று சொல்லும்வரை நிற்பான். ஜெபக்கனியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடல் அவனுக்குப் புதிதுதான். ஆனாலும் மாமனாராக வரப்போகிறவர் பத்து நாள் கற்றுக்கொடுத்ததில் பாயை ஏற்றவும் சுக்கானைப் பிடிக்கவும் பழகிவிட்டான்.

தை பிறந்ததும், மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்த தம் சின்னப் பாய்ப்படகை தேவநேசம் கடலில் இறக்கினார். அவர் காலில் மாவுக்கட்டு. முதல் ஓட்டம் துரைப்பழம் போகட்டும் என்றார். தெற்கே பனைமுனைச் சிலுவை வரை போய், நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். நாலரைக்கு நாகர்கோவிலிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இவன் நாலு மணியைத் தாண்டினால் அவர்களுக்கே வாக்குக் கொடுத்துவிடுவார்.

"கரை எப்பவும் ஒன் வலது கைப்பக்கம் இருக்கணும். படகு ஒரு பக்கம் சாஞ்சா எல்லாரும் மறுபக்கம் போயி உக்காரணும். வேற எதையும் நீ யோசிக்கவேண்டாம்" என்றார்.

மூன்றாவது உத்தரவு துரைப்பழத்துக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கூடவே புறப்பட்ட சித்தப்பா மக்கள் ஜேசையாவுக்கும் ராசமணிக்கும் அது இன்னும் பிடித்திருந்தது. ஜெபக்கனி புளிச்சோறு கட்டிய தூக்குவாளியைக் கொடுத்து, மூடியைத் தொலைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். துரைப்பழம் உடனே மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். கையில் இருக்கிற பொருள் எப்படித் தொலையும்?

துறையைத் தாண்டியதும் காற்று பிடித்தது. படகு வலது பக்கம் சாய்ந்தது. மூன்று பேரும் எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தார்கள். படகு இடது பக்கம் சாய்ந்தது. எழுந்து வலது பக்கம் போனார்கள். இருபது தடவை ஆனதும் ராசமணிக்கு மூச்சு வாங்கியது. ஒரு ஆள் மட்டும் போனால் போதாதா என்று கேட்டான். மாமா எல்லாரும் என்றுதான் சொன்னார் என்று ஜேசையா நினைவூட்டினான். மறுபடியும் ஓடினார்கள். புளிச்சோறும் அவர்களோடு இங்கும் அங்கும் உருண்டு, பாதிக்கு மேல் மீனுக்குப் போய்ச் சேர்ந்தது. பனைமுனைக்குப் படகில் போனார்கள் என்பதைவிட, பாதி தூரம் ஓடியே போனார்கள் என்று சொல்வதுதான் நியாயம்.

சிலுவை தெரிந்தது. மணி இரண்டு. துரைப்பழம் பாயைத் தளர்த்தி, அழகாகப் படகைத் திருப்பினான். திருப்பியவன் கரையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

"எல, கரை இடது கைப்பக்கம் போயிட்டு."

மூவரும் கரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள். அது நகரவில்லை.

மறுபடி தெற்கே திருப்பி அப்படியே போனால் என்ன என்று ராசமணி கேட்டான். கரையை வலது கைப்பக்கம் விடாமல் கன்னியாகுமரி, கொச்சி, பம்பாய் என்று சுற்றிக்கொண்டே போனால் என்றைக்காவது வீடு வந்து சேராதா?

"நாலு மணிக்குள்ளயா?" என்றான் துரைப்பழம்.

"அதுதாம்ல எனக்கும் சந்தேகம்."

துரைப்பழத்துக்கு அழுகையே வந்துவிட்டது. நாகர்கோவில்காரன் நன்றாகச் சவரம் செய்து, பவுடர் போட்டு, வேனில் ஏறுவது அவன் கண்முன்னால் தெரிந்தது. அப்போதுதான் ஜேசையா வாயைத் திறந்தான்.

"மாமா படகுக்குக் கை இருக்குன்னா சொன்னாவ? ஒன் வலது கைன்னுதானே சொன்னாவ? படகு அது பாட்டுக்குப் போட்டும். நாம திரும்பி உக்காருவோம்."

திரும்பி உட்கார்ந்தார்கள். கரை சொல்லிவைத்தாற்போல வலது கைப்பக்கம் வந்து நின்றது. துரைப்பழம் ஜேசையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

முன்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை, அது ஒன்றுதான் குறை. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான்; கையும் கூடவே திரும்பியது. பயந்துபோய் நேராக உட்கார்ந்தான். கையிலிருந்த மூடி வெயிலில் பளபளத்தது. கண்ணாடி போல முகத்துக்கு நேரே பிடித்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த கடல் முழுவதும் அதற்குள் தெரிந்தது. மற்ற இருவரும் களைப்பில் ஆளுக்கொரு பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு படகு சாயவே இல்லை. அது ஏன் என்று கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை.

துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேவநேசம் தொலைநோக்கியில் பார்த்தார். மூன்று முதுகுகள் தெரிந்தன. இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் போகிறான்கள் போல என்று நொந்துகொண்டார். ஆனால் போகப் போக முதுகுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படகு துறையில் மெல்ல வந்து ஒட்டியது.

"என்னலே இது கோலம்?"

"கரை எப்பவும் வலது கைப்பக்கம் இருக்கணும்னு சொன்னீயள்லா மாமா" என்றான் துரைப்பழம், அவருக்கு முதுகைக் காட்டியபடியே.

தேவநேசம் அந்த முதுகைப் பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை துறைமுகம், எத்தனை மாலுமிகள். அவருடைய ஒரு சொல்லை இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தவன் எவனுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாகர்கோவில்காரர்களுக்குப் போன் போடச் சொன்னார்.

தை முடிவதற்குள் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளையும் பெண்ணும் பேண்டு வாத்தியத்தோடு வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கடலோரத் தெரு, வீடு வடக்கே இருந்தது. துரைப்பழம் இரண்டடி வைத்தான், நின்றான், கரை எந்தப் பக்கம் என்று பார்த்தான். கடல் வலது கைப்பக்கம் கிடந்தது; அப்படியென்றால் கரை இடது கைப்பக்கம். பிறகு மாலையோடு திரும்பி நின்று, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். ஜேசையாவும் ராசமணியும் அப்படியே திரும்பிக்கொண்டார்கள்.

ஊரே தேவநேசத்தைப் பார்த்தது. எப்போதும் என்று சொன்னது அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் போட்ட உத்தரவைத் திரும்ப வாங்கி அவருக்குப் பழக்கமில்லை.

ஜெபக்கனி மட்டும் பதறவில்லை. பட்டுச்சேலை முந்தானைக்குள்ளிருந்து தூக்குவாளி மூடியை எடுத்து, புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாத்து வாங்க, பின்னால சாக்கடை இருக்கு" என்றாள்.