பொட்டு சேர்ந்த கலகம்

சூரியன் உண்டாவதற்கு முன்பு ஒரு காலத்தில், பரலோகத்து நட்சத்திரங்கள் வரிசை வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் விடிவெள்ளி. கடைசி வரிசையின் கடைக்கோடியில் பொட்டு என்றொரு சின்ன நட்சத்திரம். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

ஒருநாள் ஆண்டவர், "சூரியன் வரப்போகிறான். அவன் வரும்போது எல்லோரும் ஒதுங்கி வழிவிடுங்கள்" என்றார்.

விடிவெள்ளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இன்னும் பிறக்கவே இல்லாத பயலுக்கு நான் ஒதுங்கணுமா?" என்று ஒவ்வொரு வரிசையாகப் போய் ஆள் சேர்த்தான். பொட்டிடமும் வந்தான்.

"நீ என்ன நினைக்கிறே, தங்கச்சி?"

பொட்டு உருகிப்போனாள். தன்னையும் ஒருவர் கேட்கிறாரே!

"நாம அமைக்கப்போற ராஜ்யத்துல மேல், கீழ் கிடையாது. வா!"

மூன்றில் ஒரு பங்கு நட்சத்திரங்கள் வடக்கு மூலைக்குக் கிளம்பின. வழிநெடுக எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்டவள் பொட்டுதான்.

போய்ச் சேர்ந்ததும் விடிவெள்ளி கேட்ட முதல் பொருள் சிங்காசனம். அதைச் சுற்றித் தளபதிகள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் உபதளபதிகள். அப்புறம் வரிசைகள். பொட்டுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. அதுவும் ஒரு தூணுக்குப் பின்னால்.

"அண்ணே, மேல், கீழ் இல்லைன்னீங்களே?"

"அது அங்கே பேசினது. இங்கே ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"அங்கேயும் அதைத்தானே ஒழுங்குன்னு சொன்னாங்க?"

"ஐயோ, கலகக்காரி!" என்று அலறினார்கள் தளபதிகள்.

பொட்டு வந்த வழியே திரும்பினாள். பரலோக வாசலில் தேவதூதன் வாளோடு நிற்பான். என்ன சொல்லி உள்ளே போவது?

வாசல் திறந்தே கிடந்தது. உள்ளே சிங்காசனம் காலியாக இருந்தது. அவளுக்குப் பகீரென்றது. நாம் போன கோபத்தில் ஆண்டவரும் எங்காவது போய்விட்டாரோ?

அப்போது பின்வரிசைப் பக்கமிருந்து யாரோ சுருதி சேராமல் பாடுவது கேட்டது. வரிசைகளைக் கடந்து ஓடினாள். அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், கையில் சின்ன விளக்கோடு ஆண்டவர் நின்றிருந்தார்.

பொட்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வந்துவிட்டாயா மகளே? நீ போனதும் இந்த மூலை இருண்டுபோனது. அதுதான் நான் வந்து நின்றேன்" என்றார் ஆண்டவர். பிறகு விளக்கை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"எப்படித்தான் இத்தனை காலம் நின்றாயோ! எனக்குக் கால் கடுக்கிறது."