நாலு பேர் அணியும் பன்னிரண்டு துறையும்

வெகு காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை விசித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் பார்த்தால் கற்கண்டு, உச்சிவேளை தாண்டினால் மிளகாய். ஏன் அப்படி என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

அவர் சபையில் இரண்டு அணிகள். பெரிய அணியில் அறுபது பேர், தலைவர் அகோரமூர்த்தி. ஆற்றங்கரை ஊர்கள் அனுப்பிய சின்ன அணியில் நாலே பேர். அதற்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருந்தார் உமையாள். சபையிலோ பன்னிரண்டு துறைகள். ஒவ்வொன்றுக்கும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து பேசியாக வேண்டும். உமையாள் தலைமை ஏற்ற அன்றே ஆளுக்கு மூன்று துறை என்று பிரித்துக் கொடுத்தார். தெய்வச்சிலை என்பவருக்கு ஏரி, யானை, வைத்தியம்.

அகோரமூர்த்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்ன தெய்வச்சிலை, காய்ச்சல் கண்ட யானையை ஏரியில் இறக்கிவிட்டால் மூன்று துறையும் ஒரே பேச்சில் முடிந்துவிடுமே!”

சபை சிரித்தது. உச்சி தாண்டிய நேரம். ராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சீறினார்.

“நாளைக்குப் பன்னிரண்டு துறையிலும் கேள்வி கேட்பேன். சின்ன அணி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டாலும் நாலு ஆசனத்தையும் தூக்கி வெளியே போட்டுவிடுவேன்!”

போட்டுவிட்டால் ஆற்றங்கரை ஊர்களுக்காகப் பேச யாரும் இல்லை. வாசலுக்கு வந்ததும் தெய்வச்சிலை உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, யானைக்குத் தும்பிக்கை உண்டு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாதே!”

“தெரியாதது உங்களுக்கே தெரிகிறதே, பாதி வேலை முடிந்தது” என்றார் உமையாள். “தெரிந்தவர் யார் என்று சொல்லுங்கள். போய்க் கும்பிட்டுக் கூட்டிவருவோம்.”

மறுநாள் சபை கூடியபோது, எப்போதும் காலியாகக் கிடக்கும் சின்ன அணியின் பின்வரிசை நிரம்பியிருந்தது. மதகு காவலர், யானைப்பாகர், மருத்துவச்சி, தறிக்காரர் என்று பதினோரு பேர்.

அகோரமூர்த்தி துள்ளி எழுந்தார். “மகாராஜா! யார் இவர்கள்? இது சபையா, சந்தையா?”

“ஐயா மறந்துவிட்டீர்களா?” என்றார் உமையாள். “போன ஆடியில் நீங்கள் பேசும்போது கைதட்ட ஒன்பது மைத்துனர்களைப் பின்னால் உட்காரவைத்தீர்களே. முன்வரிசைக்காரர் தமக்கு வேண்டியவரைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், கலந்து பேசலாம் என்று விதியே எழுதி வாங்கினீர்கள்.”

“ஆமாம், முத்திரை போட்டவன் நான்தான்” என்று முனகினார் ராஜா. “போகட்டும். வடக்கு ஏரி ஏன் வற்றியது?”

பெரிய அணி, “மழை இல்லை மகாராஜா” என்றது. தெய்வச்சிலை பின்னால் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“மழை பெய்தது. மதகுப் பலகை அரித்துப்போய் ஒழுகிவிட்டது. பலகை மாற்ற இரண்டு நாள் போதும். சொன்னவர் மதகு காவலர் வேலப்பனார். அவருக்கு என் நன்றி.”

இப்படியே பதினோரு கேள்விக்கும் பதில் வந்தது, பதினோரு நன்றியும் வந்தது. அதற்குள் உச்சி தாண்டிவிட்டது. ராஜாவின் முகம் சிவந்தது.

“பன்னிரண்டாவது, அரண்மனைத் துறை. என் அரண்மனையில் என்ன குறை?”

“குறையா? சொர்க்கத்தில் குறை ஏது பிரபு!” என்று குழைந்தார் அகோரமூர்த்தி.

உமையாள் எழுந்தார். “இதற்கு என் பின்னால் ஆள் இல்லை, மகாராஜா.”

“தோற்றாய்!”

“ஆனால் உங்கள் பின்னால் இருக்கிறார். எங்களுக்குக் கிடைத்தது கடைசி மூலை. அங்கிருந்து பார்த்தால் உங்கள் சிம்மாசனத்தின் பின்பக்கம் தெரியும். சாமரம் வீசுகிறவர் தினமும் எதையோ பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அவரைக் கேளுங்கள்.”

ராஜா திரும்பினார். நரைத்த மீசையோடு ஒருவர் சாமரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

“உன் பெயர் என்ன?”

“சாத்தையா, பிரபு. இருபது வருஷமா இங்கதான் நிக்கிறேன்.”

“பயப்படாதே. சொல்.”

“மேற்குச் சாளரம், பிரபு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அகோரமூர்த்தி ஐயா உங்க படம் எழுதின பெரிய திரைச்சீலையைக் காணிக்கையாக் கொடுத்து அதுமேல மாட்டினாரு. அன்னையிலேருந்து காத்து நின்னுபோச்சு. மத்தியானம் ஆனா உங்களுக்குப் புழுக்கம் தாங்கலே. நான் எவ்வளவு வீசியும் பத்தலே. அதுக்கப்புறம் நீங்க போடற உத்தரவெல்லாம் புழுக்கத்துல போடறதுதான்.”

“திரையை இறக்குங்கள்” என்றார் ராஜா. இறக்கினார்கள். ஆற்றுக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. ராஜா கண்ணை மூடி அதை முகத்தில் வாங்கிக்கொண்டார்.

“சாத்தையா, உனக்கு நன்றி.”

உச்சிவேளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நல்ல சொல் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. சாத்தையா சாமரத்தாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்ன அணியின் நாலு ஆசனமும் நிலைத்தன. அகோரமூர்த்திக்கு ஒரு வருஷம் பின்வரிசை. கேட்டால் மட்டும் பேச வேண்டும், அதுவும் உண்மையை. திரைச்சீலை? தெய்வச்சிலை எழுந்து, பாகரிடம் கலந்து பேசிவிட்டு, யானைக்குக் குளிர்காலப் போர்வையாகும் என்று பணிவோடு தெரிவித்தார்.

அன்று முதல் செம்பாறை சபை கூடியதும், ராஜா முதலில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் முன்னால் பார்ப்பாராம்.