ஐந்து வருஷத்தை ஒரே நாளில் காத்து முடித்தவர்கள்

சொக்கலாம்பட்டி என்று ஓர் ஊர். நாலு ராஜ்யங்களுக்கு நடுவில் இருந்தது. ஆனால் நாலு ராஜாக்களும் "அது நம்முடையது இல்லை, பக்கத்து ராஜாவுடையது" என்றே சாதித்து வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களோடு ஒரு வாரம் பேசிப் பார்த்தால் ராஜாக்கள் மேல் உங்களுக்கே இரக்கம் வந்துவிடும். நான் பேசிப் பார்த்திருக்கிறேன்.

அங்கே மூக்காண்டி என்று ஒருவன். நல்ல உழைப்பாளி, தங்கமான மனசு, தலைக்குள் மட்டும் கொஞ்சம் காற்றோட்டம் அதிகம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மருதநாட்டில், பணியாரக்கடை வைத்திருந்த பூவாத்தாள் மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் அவன்மேல் ஆசைதான். எதனால் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளையே கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில், பணியாரத்தைக் கம்பியால் குத்தித் திருப்பிக்கொண்டே பூவாத்தாள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை மிளகாய் யாவாரி ஒருத்தன் என்னைப் பொண்ணு கேட்டு வர்றான். எங்கப்பாரும் தலையாட்டிட்டாரு. கட்டிக்கிறதா இருந்தா அதுக்குள்ள கட்டிக்க. ஆனா ஒண்ணு, வெளியூரான் எவனும் மருதநாட்டுப் பொண்ணுக்குத் தாலி கட்டக் கூடாதுன்னு இங்க சட்டம். முதல்ல போய் எங்க நாட்டுக் குடிமகனா ஆகிட்டு வா."

"அதுக்கென்ன பூவு, மத்தியானச் சோத்துக்குள்ள ஆகிட்டு வந்துடறேன்" என்றான் மூக்காண்டி.

தனியாகப் போனால் மரியாதையாக இருக்காது என்று நாலு கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டான். ஒருவன் கூளையன். ஊரிலேயே பெரிய அறிவாளி என்று பேர். வேறு யாரும் அந்தப் பேருக்குப் போட்டி போடவில்லை. இன்னொருவன் தொப்ளான். எங்கே போனாலும் முதல் ஆளாய் ஓடி இடம் பிடிப்பான். மற்ற இருவரும் கூளையன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் அண்ணன் தம்பிகள்.

குடிப்பதிவுச் சாவடியில் எழுத்தர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். மூக்காண்டியின் பேரை எழுதிக்கொண்டு, நிமிராமலே சொன்னார்:

"அஞ்சு வருஷம் காத்திருக்கணும். காத்து முடிச்சிட்டு வா, முத்திரை குத்தித் தர்றேன்."

மூக்காண்டி அழ ஆரம்பித்துவிட்டான். வெள்ளிக்கிழமைக்கும் ஐந்து வருஷத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவனுக்கே தெரிந்தது. கூளையனோ கண்ணை மூடி, தாடையைச் சொறிந்து, மெதுவாய்க் கண்ணைத் திறந்தான்.

"எதுக்குடா அழுவுறே? நம்ம ஊர்ல ஒருத்தன் வயலை ஒருத்தனே நட்டா எத்தனை நாள் ஆகும்?"

"முப்பது நாள்."

"முப்பது பேர் இறங்கினா?"

"ஒரே நாள்."

"அவ்வளவுதான். இது அஞ்சு வருஷ வேலை. நாம அஞ்சு பேர். ஆளுக்கு ஒரு வருஷம் காத்தா ஜோலி முடிஞ்சுது."

நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். எழுத்தர் ஐயா இதை மறைத்துவிட்டாரே என்று மூக்காண்டிக்குச் சின்ன வருத்தம். அப்போதே சாவடி வாசல் வேப்பமரத்தடியில் ஐவரும் வரிசையாய் உட்கார்ந்து காக்க ஆரம்பித்தார்கள்.

பாதி நாழிகை போனதும் தொப்ளானுக்குப் பசித்தது.

"காக்கறதுன்னா ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதானே? சாப்பிடறது பண்றதா, பண்ணாததா?"

கூளையன் வெகுநேரம் யோசித்தான். "மென்னா அது வேலை. மெல்லாம முழுங்கினா அது வேலை இல்லே."

நியாயம்தான் என்று எல்லாரும் கட்டிக்கொண்டு வந்திருந்த புட்டை மெல்லாமல் முழுங்கினார்கள். மூத்த தலையாட்டிக்குத் தொண்டையில் அடைத்து விழி பிதுங்கியது. மற்ற நால்வரும் பாய்ந்து அவன் முதுகில் மொத்து மொத்தென்று மொத்தினார்கள். புட்டு வெளியே வந்தது, உயிர் உள்ளேயே நின்றது.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தான் கூளையன். "மொத்தினது வேலைடா! இதுவரைக்கும் காத்தது அத்தனையும் கெட்டுப்போச்சு. முதல்லேருந்து ஆரம்பிங்க."

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மத்தியானம் தலையாட்டிகள் இருவரும் தூங்கி விழுந்தார்கள். தூங்குகிறவன் காக்கிறானா இல்லையா என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. "தூங்கும்போது காக்கறது அவனுக்கே தெரியாதே, பிறகு எழுத்தருக்கு எப்படித் தெரியும்?" என்று கூளையன் தீர்ப்புச் சொன்னான். மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் ஒரு காக்கை மூக்காண்டி தலையில் உட்கார்ந்தது. அதை விரட்டுவதும் வேலை என்பதால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். காக்கை கொத்திப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பறந்துபோனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூவாத்தாள் ஒரு தூக்கில் பணியாரம் கொண்டுவந்தாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"வருஷத்துல ஒரு நாள் ஆச்சு" என்றான் மூக்காண்டி பெருமையாக.

"அட கூறு கெட்டவனே! வெள்ளிக்கு இன்னும் மூணு நாள்தான்யா இருக்கு!" என்று தூக்கை ணங்கென்று வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

மூக்காண்டி உடைந்துபோனான். "என் பூவு மிளகாய் நெடியில காலமெல்லாம் தும்மிக்கிட்டே கிடப்பாளே!" என்று வாய்விட்டு அழுதான். அழுவதும் வேலைதானே என்று சின்னத் தலையாட்டி ஞாபகப்படுத்தினான். அவனுக்கு ஓர் அறை விழுந்தது.

கூளையன் எழுந்து சாவடிக்குள் போனான். "ஐயா, அஞ்சு வருஷத்துக்கு எத்தனை நாளுங்க?"

"ஆயிரத்து எண்ணூத்து இருபத்தஞ்சு. என் உயிரை வாங்காதே, போ" என்றார் ஏகாம்பரம்.

கூளையன் வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஒரு தேஜஸ் இருந்தது. "மூக்காண்டி, தப்பு ஆள் கணக்குலதான். அஞ்சு பேர் நடற வயலா இது? ஊரையே இறக்கணும்!"

ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு ஓடினார்கள். சொக்கலாம்பட்டியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, குறை சொல்லக் கூடாது: ஒருத்தன் வேலைக்கு ஊரே வரும். என்ன வேலை என்று கேட்கிற பழக்கம்தான் இல்லை. கைக்குழந்தை, நிறைமாசக்காரி, கட்டிலோடு தூக்கிவந்த கிழவர்கள் என்று மொத்தம் ஆயிரத்து எண்ணூத்துப் பதினாலு தலை தேறியது. பதினோரு தலை குறைந்தது. பதினோரு ஆடுகளை ஓட்டிக்கொண்டார்கள்.

புதன்கிழமை சூரியன் கிளம்பும்போது சாவடித் தெரு, கடைத்தெரு, குளக்கரை எல்லாம் சொக்கலாம்பட்டி. தொப்ளான் முதல் இடம் பிடித்தான். அவனுக்கு அடுத்து எழுபது வயசு செம்பட்டையார், அடுத்து அவர் சம்சாரம் ராக்காயி, அடுத்து ஓர் ஆடு, இப்படியே போனது. மூக்காண்டி, வேலைக்கு அழைத்தவன் என்ற முறையில், எல்லாரையும் உட்காரவைத்து, தண்ணி மோந்து கொடுத்து, கடைசி ஆளாய்ப் போய் உட்கார்ந்தான்.

ஏகாம்பரம் வெளியே எட்டிப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா இது?"

"அஞ்சு வருஷம் காக்கறோம் சாமி. பொழுது சாய முடிஞ்சிடும்."

"ஆடு எதுக்குடா?"

"அது எங்களைவிட நல்லா காக்குமுங்க" என்றான் கூளையன்.

அன்றைக்கு முழுக்க மருதநாட்டில் ஒரு வண்டி நகரவில்லை. குளத்துக்குப் போனவள் குடத்தோடு நின்றாள், குடத்தோடு வந்தவள் அங்கேயே நின்றாள். "வழி விடுங்கப்பா" என்று கெஞ்சியவர்களிடம், "பேசாதீங்க, கெட்டுப்போயிடும்" என்று ஆயிரம் வாய் ஒன்றாய்ச் சொன்னது. பொழுது சாய்ந்ததும் "முடிஞ்சுதுடோய்!" என்று கிளம்பிய கூச்சலில் சாவடி ஓடு நாலு சரிந்தது.

ராத்திரி ஏகாம்பரம் சட்டச் சுவடியைத் தலைகீழாய்ப் புரட்டிப் பார்த்தார். ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, எத்தனை பேர் என்று எங்கும் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் இந்தக் கூட்டம் நாளைக்கும் உட்காரும். அதை நினைத்தாலே அவருக்குக் குளிர் கண்டது. வியாழக்கிழமை காலையில் படியில் நின்று, தம்முடைய புத்திசாலித்தனத்தைத் தாமே மெச்சிக்கொண்டு, அறிவித்தார்:

"காத்தது ஒருத்தர் அளவுதான். அதனால ஒரு குடிமகன் பதவிதான் தர முடியும். காத்தவங்க எல்லாருமா அதைப் பங்கு போட்டுக்கோங்க. உட்கார்ந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரு நாள். முதல் முறை இன்னிக்கு. ஊருக்குப் போய்ச் சேருங்க!"

கோபித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் பாவம் நினைத்தார். ஊரே துள்ளிக் குதித்தது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான நியாயம் உண்டா? ஏகாம்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். அவர் அலறியதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூக்காண்டி பணியாரக்கடைக்குப் பறந்தான்.

"பூவு! நான் குடிமகன்! என் முறை கடைசி முறை. எண்ணிப் பார்த்தேன், இன்னும் ஆயிரத்து எண்ணூத்து இருபத்து நாலு நாள். ஒண்டியா காத்திருந்தா இருபத்தஞ்சு ஆகியிருக்கும். ஒரு நாள் மிச்சம்!"

பூவாத்தாள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சிரிப்பதா, அவனைத் தூக்கிச் சட்டியில் போடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இன்னிக்கு யாரு முறை?"

"தொப்ளான்."

"உங்க ஊர்ல தண்ணி முறையை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குவீங்களா?"

"மாத்திக்குவோமே, தாராளமா."

"அப்ப இதையும் மாத்திக்க!"

மூக்காண்டி அவளை அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு புத்தி ஒரே தலைக்குள் எப்படி அடங்கியிருக்கிறது என்று அவனுக்குப் பயமாகக்கூட இருந்தது. தொப்ளான் மறுபேச்சில்லாமல் முறையை மாற்றிக்கொண்டான். இன்னும் ஐந்து வருஷம் தன் முறையை ஆசையோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று அவனுக்குச் சந்தோஷம். ஏகாம்பரம் 'இன்றைய குடிமகன் மூக்காண்டி' என்று முத்திரை குத்தினார். பூவாத்தாளின் அப்பா கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, சரி என்று தலையாட்டினார். நடுப்பகலில் ஊர் மத்தியில் மாலை மாற்றி, மூக்காண்டி தாலி கட்டினான். மூன்று முடிச்சுப் போடுகிற வரைக்கும் மூச்சே விடவில்லை. போட்டு முடித்ததும் ஓவென்று அழுதான். பூவாத்தாளும் அழுதாள். ஆடுகளைத் தவிர எல்லாரும் அழுதார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. கல்யாண வீட்டில் பூவாத்தாள் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். வாசலில் செம்பட்டையார் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றி நிறைய விபூதி பூசி, கழுத்தில் ஒரு மாலை, கையில் ஒரு மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா, இந்நேரத்துக்கு?"

"இன்னிக்குக் குடிமகன் முறை எனக்கும்மா" என்றார் கிழவர் வெட்கத்தோடு. "நேத்து முறைக்காரன் உனக்கு மாலை போட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டானாம். முறைன்னு வந்துட்டா முந்தின ஆள் செஞ்ச வேலையை நாமளும் செய்யணுமில்லே? எனக்கு இடுப்பு வலிதான், ஆனா வேலையில பின்வாங்கற ஆள் இல்லே நான்."

அவருக்குப் பின்னால் ராக்காயிக் கிழவி, இன்னொரு மாலையோடு. "அவரு சீக்கிரம் முடிச்சிடுவாரு தாயி. நாளைக்கு என் முறை, இடம் பிடிச்சு நிக்கறேன்."

கிழவிக்குப் பின்னால் ஆடு, தன் மாலையைப் பாதி தின்றிருந்தது. அதற்குப் பின்னால் பாலம் வரைக்கும் வரிசை, ஆளுக்கொரு மாலை. வரிசையின் கடைசியில் தொப்ளான். அவனுக்கும் பின்னால், பெண் கேட்க வந்த மிளகாய் வியாபாரி, இதுதான் இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று, தட்டும் பழமுமாக ஒழுங்காய் நின்றுகொண்டிருந்தான்.

"யோவ்! எந்திரிச்சு வந்து இதைப் பாரு!" என்று பூவாத்தாள் உள்ளே திரும்பிக் கத்தினாள்.

மூக்காண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தான். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டான். பிறகு பெண்டாட்டியின் தோளை ஆறுதலாய்த் தட்டினான்.

"பயப்படாதே பூவு. ஆளுக்கு ஒரு நாள்தான். அஞ்சு வருஷம் காத்திருந்தா எல்லாம் முடிஞ்சிடும்."